தேயிலைக்கு முந்திய குடிநீர்

இலங்கை என்றதும் உலகினர் தேநீரை நினைப்பர். ஆயினும் இத்தீவில் தேயிலைக்கு வயது இருநூறு ஆண்டளவே. 1824ஆம் ஆண்டில் சீனத்திலிருந்து வந்த செடியொன்று பேராதனைப் பூங்காவில் நடப்பட்டது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் அதனைப் பயிராக்கினார். 1869இல் கோப்பியைப் பற்றிய இலைத்துரு நோய், மலைச்சரிவுகளைத் தேயிலைக்குத் திறந்துவிட்டது. அதற்கு முன் நம் முன்னோர் கொதிநீரில் இட்டுப் பருகியவை எவை? மல்லி, நன்னாரி, வில்வம்பூ என்பவற்றோடு, வறண்ட நிலத்தில் தானே முளைக்கும் ஆவாரையும் அவற்றுள் ஒன்று.

மஞ்சட் பூங்கொத்துடைய இச்சிறு செடியைப் பழந்தமிழர் ஆவிரை என்றனர். குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் அதற்கும் இடமுண்டு. காதலன் ஏறிவரும் மடற்குதிரைக்கு அப்பூவால் மாலை சூட்டியதைக் குறுந்தொகை கூறும். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்னும் பழமொழியோ அதனை மருந்தாகவே போற்றுகின்றது.

சிங்கள மக்கள் இதனை ரணவரா என்பர். மொழி வேறாயினும் பக்குவம் ஒன்றே. பூவை நிழலில் உலர்த்தி, நீரில் இட்டுக் கொதிக்கவைத்து, வடித்து, ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பருகுவர். வடபுலத்தில் பனங்கட்டி, தென்புலத்தில் கித்துட் கருப்பட்டி; வேற்றுமை அவ்வளவே.

இச்செடியின் பட்டையைத் தோல் பதனிடுவோரும் நெடுங்காலம் பயன்படுத்தினர். அதிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலை அழுகாமற் காக்கும். தேயிலைக்குத் தனிச்சுவை அளிப்பதும் துவர்ப்பே. ஆதலால் ஆவாரைக்குப் பழகிய நாவுக்குத் தேநீர் முற்றும் அந்நியமாக இருந்திராது என்று கருத இடமுண்டு.

சித்த மருத்துவர் நீரிழிவுக்கு வழங்கும் ஆவாரைக் குடிநீரில் ஆவாரையோடு கொன்றை, நாவல், மருது முதலியனவும் சேரும். தேயிலைத் தூள் மலிந்து மூலைமுடுக்கெல்லாம் பரவிய இருபதாம் நூற்றாண்டில் வீட்டு வழக்கிலிருந்து இத்தகைய குடிநீர்கள் பின்தள்ளப்பட்டன. எனினும் அறிவு அழிந்துவிடவில்லை. கொழும்பில் 1929இல் சுதேச வைத்தியக் கல்லூரி தோன்றியது. 1961இல் ஆயுர்வேதச் சட்டம் நிறைவேறியது. புறக்கோட்டை கபோஸ் ஒழுங்கையின் மருந்துக் கடைகளில் உலர்ந்த மூலிகைகளை இன்றும் வாங்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆவாரம்பூச் சாறு குருதியிற் சர்க்கரையைக் குறைப்பதாக விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மனிதரிடத்து அதனை உறுதிசெய்யப் போதிய சான்று இன்னும் திரளவில்லை. இதனை நம்பி மாத்திரையை நிறுத்துவோர் தம் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் தீங்கு தேடிக்கொள்வர். மாத்திரையோடு மிகுதியாகப் பருகினாலோ சர்க்கரை அளவுக்கு மேல் தாழவும் கூடும். நீரிழிவுள்ளோர் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு இதனைக் குடிப்பது, ஒரு கையால் அணைகட்டி மறுகையால் உடைப்பதை ஒக்கும். மருத்துவரிடம் சொல்லிவிட்டே பருகுதல் அறிவுடைமை.

பழமொழி செடியைப் புகழ்ந்தது உண்மை. பக்குவமும் அளவும் அறிந்த வைத்தியர் ஊர்தோறும் இருந்த காலத்தில் பிறந்த புகழ் அது. பூவைப் பேணுவது போல் அந்த அளவறியும் அறிவையும் பேணுவோமாக.