நெல்லூர்க் காளையும் சென்னைத் துறைமுகமும்

ஒங்கோல் மாட்டின் பூர்விகம் ஆந்திரத்தில் குண்ட்லகம்மா ஆற்றை ஒட்டிய கரிசல் பூமி. 1904 வரை ஒங்கோல் நெல்லூர் மாவட்டத்தில் இருந்ததால், வெளிநாட்டில் அதற்கு நெல்லூர் மாடு என்ற பெயரே நிலைத்தது. பிரேசிலில் இன்றும் அது ‘நெலோரே’. அந்தச் சீமையிலிருந்து தெற்கே வரும் பெருவழிச் சாலை, எண்ணூர் வழியாக வரும் பக்கிங்காம் கால்வாய், 1899-இல் பெஜவாடா வரை எட்டிய ரயில் பாதை எல்லாம் வடசென்னைக்குத்தான் வந்து சேர்ந்தன. மாடு வாங்க வந்தவர்களுக்குக் கைக்கெட்டிய பெரிய துறைமுகம் சென்னை. செயற்கைத் துறைமுகத்துக்கு 1875-இல் அடிக்கல் நாட்டப்படும் முன்பு கப்பல்கள் கரையிலிருந்து தள்ளிக் கடலில் நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கை மசூலாப் படகு கொண்டு சேர்க்கும்.

இனத் தேர்வு கப்பல்காரர்கள் கொண்டுவந்த வித்தையல்ல. அக்காலத்தில் நெல்லூர்ச் சீமையில் வசதியானவர் இறந்தால், அவர் பெயரால் ஒரு காளைக் கன்றைக் கோயிலுக்கு நேர்ந்து விடுவார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடித் திமில், கால், தாயின் பால் எல்லாம் பார்த்துத்தான் கன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். தொடையில் சூலமோ சக்கரமோ சூட்டுக்குறியாக விழும். பிறகு அது எந்த வயலிலும் மேயலாம். ஒரே வீட்டுத் தொழுவத்தில் கட்டிக் கிடக்காமல் ஊர் ஊராகத் திரிந்ததால், நெருங்கிய உறவுக்குள் கலப்பது ஓரளவு குறைந்தது.

கடல் தாண்டிய மாடுகளுக்கு அப்படிப் பரவலாகக் கலக்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை. இங்கிலாந்துக்குப் போன கப்பலொன்று 1868-இல் பிரேசிலின் பாகியாவில் நின்றபோது ஒரு ஜோடி விற்கப்பட்டதிலிருந்து பிரேசில்காரர்கள் கதையைத் தொடங்குவார்கள். 1878-இல் லெம்குரூபர் என்ற பண்ணையார் ஹாம்பர்க் விலங்குக் காட்சியகத்திலிருந்து இன்னொரு ஜோடி வாங்கினார். இந்திய மாடுகள் 1920-இல் ஆண்ட்வெர்ப் வழியாகப் பிரேசிலுக்குப் போனபோது பெல்ஜியத்தில் வெக்கை நோய் பரவியது. உலக விலங்குச் சுகாதார அமைப்பு 1924-இல் தோன்றியதற்கே அதுதான் காரணம். பிறகு வாசல் ஏறக்குறைய அடைபட்டது. 1960-களின் தொடக்கத்தில், பெர்னாண்டோ டி நொரோன்யா தீவில் தனிமைப்படுத்தி வைத்த பிறகே, கடைசிப் பெரிய தொகுதி பிரேசிலில் இறங்கியது. ஒங்கோல் அருகிலுள்ள ஊரின் பெயரைத் தாங்கிய கர்வாடி உட்பட அதில் வந்த சில காளைகளின் ரத்தமே பிற்காலப் பெருமந்தையில் மிகுதியாக ஓடுகிறது. சினை ஊசி வந்ததும் ஒரு காளைக்கு ஆயிரக்கணக்கில் வாரிசுகள்.

தகப்பன் காளையை மகளோடு சேர்த்தால், கன்றின் உறவுக்கலப்பு அளவு 25 சதவீதம். ஒரு தகப்பனுக்குப் பிறந்த மாற்றாந்தாய்ப் பிள்ளைகளைச் சேர்த்தால் 12.5 சதவீதம். அளவு ஏறினால் சினை பிடிப்பது குறையும், கன்றின் வளர்ச்சி மந்தமாகும், மறைந்து கிடந்த கோளாறுகள் வெளிப்படும்.

கலப்பினத்துக்கு இந்தத் தொல்லை இல்லை என்று பலர் நினைப்பது தவறு. நெலோரே பசுவுக்கு ஆங்கஸ் காளையைச் சேர்த்தால் முதல் தலைமுறையில் கலப்பு வீரியம் முழுதாக வரும். அந்தக் கன்றுகளையே தங்களுக்குள் சேர்த்தால் பாதி போய்விடும். டெக்சாஸ் கிங் பண்ணையின் சாந்தா கெர்த்ரூடிஸ் இன்னும் தெளிவான சாட்சி. நெல்லூர் ரத்தமும் கலந்த பிராமன் மாட்டை ஷார்ட்ஹார்னோடு சேர்த்து உருவானது அது. 1920-இல் பிறந்த ‘மங்கி’ என்ற ஒற்றைக் காளைதான் அந்த இனத்துக்கு மூலபுருஷன். அமெரிக்க அரசு 1940-இல் அதைத் தனி இனமாக ஏற்றது. இரண்டு இனங்கள் கலந்தும் உறவுக்கலப்பு பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டது.

தமிழ்நாட்டில் கலப்பு நடந்தது இறைச்சிக்காக அல்ல, பாலுக்காக. சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு ஹோல்ஸ்டீன். ஆனால் கணக்கு ஒன்றே. வடசென்னையின் ராயபுரம், திருவொற்றியூர்த் தெருக்களில் பால் கறக்கும் கலப்பினப் பசுவுக்கு எந்தக் காளையின் ஊசி போட்டார்கள் என்று குறித்து வைக்காவிட்டால், மூன்று வருடம் கழித்து அதன் கிடேரிக்கும் அதே காளையின் ஊசி விழலாம்.