தொலைபேசிக் கோபுரமும் எண்ணெய் ஆலையும்

கைத்தொழில்களில் இருவகை உண்டு. முதல் போட்ட சில மாதங்களிலேயே பலன் காட்டுபவை ஒருவகை. ஆண்டுக்கணக்கில் முதலை விழுங்கிக்கொண்டே இருந்து, அதன் பின்னரே பலன் தருபவை மற்றொரு வகை. நெல்லுக்கும் தென்னைக்கும் உள்ள வேற்றுமை போன்றது இது. தொலைத்தொடர்புத் தொழில் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நாடெங்கும் மண்ணைத் தோண்டிக் கண்ணாடி இழைக் கம்பிகளைப் பதிக்கவேண்டும், கோபுரங்களை நிறுத்தவேண்டும், அலைக்கற்றையை அரசாங்கத்தின் ஏலத்தில் எடுக்கவேண்டும். இவ்வளவும் ஆன பிறகே முதற் சந்தாதாரர் முதல் ரூபாயைச் செலுத்துவார்.

அந்த இடைக்காலத்தில் வட்டியையும் கூலியையும் கொடுப்பது யார்? நெல்வயல் உடையவனே தென்னந்தோப்பு வைக்கத் துணிவான். பல தொழில்களை ஒருங்கே நடத்தும் ஒரு தொழிற்குழுமம் தொலைபேசித் துறையில் இறங்கும்போது நிகழ்வது இதுவே. வயலையும் தோப்பையும் பிரித்தால் என்ன ஆகும், மீண்டும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை ரிலையன்ஸ் தொழிற்குழுமத்தின் வரலாறு நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

திருபாய் அம்பானி 1966ஆம் ஆண்டில் குஜராத்தின் நரோடாவில் ஒரு துணி ஆலையை நிறுவினார். துணிக்கு வேண்டிய செயற்கை நூலை 1982 முதல் பாதாள்கங்காவில் அவரது நிறுவனமே உற்பத்தி செய்தது. நூலுக்கு வேண்டிய ரசாயனங்களை ஹஜீராவில் செய்யத் தொடங்கியது. அந்த ரசாயனங்களுக்கு மூலமான எண்ணெயைச் சுத்திகரிக்கும் பேராலை 1999இல் ஜாம்நகரில் இயங்கத் தொடங்கிற்று. துணியிலிருந்து பின்னோக்கி எண்ணெய்வரை சென்ற இந்தப் பயணத்தின் பயனாக, ஆண்டுதோறும் பெரும் ரொக்கம் ஈட்டும் வயல் ஒன்று அக்குழுமத்திற்குக் கிடைத்தது.

அந்த ரொக்கத்தின் பலத்தில்தான் ரிலையன்ஸ் இன்போகாம் எழுந்தது. தபால் அட்டையின் விலையைவிடக் குறைந்த செலவில் தொலைபேசிப் பேச்சு அமையவேண்டும் என்பது திருபாயின் நோக்கமாக இருந்தது. அவர் 2002 ஜூலையில் மறைந்தார். அவருடைய பிறந்த நாளான டிசம்பர் 28இல் சேவை தொடங்கி வைக்கப்பட்டது. அதற்குள் சுமார் 60,000 கிலோமீட்டர் ஒளியிழைக் கம்பி பதிக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டிலேயே 501 ரூபாய் முன்பணத்தில் கைபேசி கொடுத்தார்கள். சந்தையைப் பிடித்த பிறகு கம்பி போடுவது வழக்கம். இங்கே கம்பியைப் போட்டுவிட்டுச் சந்தையைத் தேடினார்கள்.

2005 ஜூனில் பாகப்பிரிவினை வந்தது. தொலைபேசித் திட்டத்தை முன்னின்று நடத்திய மூத்தவர் முகேஷ் அம்பானிக்கு எண்ணெய், ரசாயனத் தொழில்கள் சென்றன. தொலைபேசி நிறுவனம் இளையவர் அனில் அம்பானிக்குச் சென்றது. ஒருவர் தொழிலில் மற்றவர் போட்டியிடுவதில்லை என்றும் உடன்படிக்கை ஆயிற்று. வயல் ஒருவருக்கும் தோப்பு மற்றவருக்குமாயின.

தோப்பு அப்பொழுது செழிப்பாகவே இருந்தது. ஆயினும் தொலைத்தொடர்பில் ஒருமுறை முதலிட்டதோடு வேலை முடிவதில்லை. தொழில்நுட்பம் மாறும்தோறும் புதிய கருவிகளும் புதிய அலைக்கற்றையும் வேண்டும். சி.டி.எம்.ஏ. முறையில் தொடங்கிய நிறுவனம் ஜி.எஸ்.எம். முறைக்கும் முதலிட வேண்டியிருந்தது. 2010இல் மூன்றாம் தலைமுறை அலைக்கற்றைக்கு 13 வட்டாரங்களில் மட்டும் 8,585 கோடி ரூபாய் செலுத்திற்று. இந்தப் பணம் எண்ணெய் ஆலையிலிருந்து வரவில்லை, கடனாகவே வந்தது. 2017க்குள் கடன் சுமார் 45,000 கோடியாயிற்று. அவ்வாண்டின் முடிவில் கைபேசிச் சேவை நின்றது; 2019இல் திவால் நடவடிக்கை தொடங்கிற்று.

மற்றொரு பக்கத்தைப் பார்ப்போம். சகோதரர்களின் போட்டித் தடை 2010 மே மாதத்தில் நீங்கியது. மூன்று வாரம் ஆவதற்குள், ஜூன் 11இல், அகண்ட அலைவரிசை ஏலத்தில் 22 வட்டாரங்களையும் 12,848 கோடி ரூபாய்க்கு வென்ற இன்போடெல் என்னும் சிறு நிறுவனத்தின் 95 சதவீதப் பங்குகளை ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் வாங்கிற்று. அந்த 2300 மெகாஹெர்ட்ஸ் அலை தரவை மிகுதியாகச் சுமக்கும். ஆனால் நெடுந்தொலைவு செல்லாது, சுவரையும் எளிதில் ஊடுருவாது. ஆகவே கோபுரங்கள் நெருக்கமாக வேண்டும். அன்றேல் வேறு அலை வேண்டும். நிறுவனம் இரண்டையும் செய்தது. பின்வந்த ஏலங்களில் 1800, 800 மெகாஹெர்ட்ஸ் அலைகளை வாங்கியது. 2013இல் இளையவரின் நிறுவனத்தோடேயே ஒப்பந்தம் செய்து, நகரங்களுக்கிடையிலான அதன் ஒளியிழைக் கம்பியை 1,200 கோடி ரூபாய்க்கும், 45,000 கோபுரங்கள்வரை வாடகைக்கும் பயன்படுத்தும் உரிமை பெற்றது.

ஏலம் எடுத்ததிலிருந்து ஜியோ சேவை தொடங்கிய 2016 செப்டம்பர்வரை ஆறு ஆண்டுகள். செலவு சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய். வருமானம் இல்லையென்றே சொல்லலாம். சேவை தொடங்கிய பின்னும் 2017 மார்ச் முடிய இலவசம். தொலைபேசியை மட்டுமே நம்பிய எந்த நிறுவனமும் இத்தகைய காத்திருப்பைத் தாங்கியிராது. 170 நாட்களில் 10 கோடிப் பேர் சேர்ந்தனர். ஒரு ஜி.பி. தரவுக்கு 200 ரூபாய்க்குமேல் இருந்த விலை சில ஆண்டுகளில் 20 ரூபாய்க்கும் கீழே இறங்கியது.

ஆனால் வயல் இருந்தால் மட்டும் போதுமா? டாட்டா குழுமத்திடம் எஃகு, மோட்டார், மென்பொருள் எனப் பல வயல்கள் இருந்தன. 2002இல் அரசுக்குரிய வி.எஸ்.என்.எல். நிறுவனத்தில் 25 சதவீதத்தை 1,439 கோடி ரூபாய்க்கு வாங்கினார்கள். அந்த நிறுவனத்தின் பணத்தில் 1,200 கோடியை டாட்டா டெலிசர்வீசஸில் முதலிட முனைந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. 2008இல் ஜப்பானின் டோகோமோ பங்காளியாகச் சேர்ந்து, நஷ்டத்தால் விலக முற்பட்டது. வழக்கு லண்டன் நடுவர் மன்றம்வரை சென்றது. முடிவில் 2017இல் கைபேசித் தொழிலை ஏர்டெல்லிடம் ஒப்படைக்கத் தீர்மானித்தார்கள். பணம் இருப்பது ஒன்று. ஒரே தொழில்நுட்பத்தில், ஒரே தருணத்தில், முழுமையாக அதை இடும் துணிவு வேறொன்று.

இம்முறை நியாயமானதா என்ற கேள்வி இங்கே எழுகிறது. எண்ணெய் ஆலையின் லாபத்தில் உரிமையுள்ள பங்குதாரர் தம் பணம் கோபுரத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. வேறு தொழில் இல்லாத போட்டியாளரோ இலவசத்தோடு போட்டியிட இயலாமல் தவித்தார். அடக்க விலைக்கும் குறைவாக விற்றுச் சந்தையைக் கெடுப்பதாக ஏர்டெல் முறையிட்டது. புதிதாக வந்த நிறுவனம் ஆதிக்க நிலையில் இல்லை என்று கூறி, இந்தியப் போட்டி ஆணையம் 2017 ஜூனில் அந்த முறையீட்டைத் தள்ளிவிட்டது. சட்டத்தின் நோக்கில் அது சரியாக இருக்கலாம். ஆயினும் அதன்பின் வோடபோனும் ஐடியாவும் 2018இல் இணைந்தன. வேறு பல நிறுவனங்கள் மறைந்தன. மூன்று பெரிய தனியார் நிறுவனங்களும் அரசு நிறுவனமுமே எஞ்சின. 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கட்டணத்தை உயர்த்தின. மலிவைக் கொடுத்த அதே வழி, தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சுருக்கியும் விட்டது.

குழுமம் போட்ட முதலும் திரும்பி வந்தது. கோபுரங்களும் ஒளியிழையும் தனி அறக்கட்டளைகளுக்கு மாற்றப்பட்டன. கோபுரங்களில் புரூக்பீல்டு நிறுவனத்தார் 25,215 கோடி ரூபாய் முதலிட்டனர். 2020இல் ஜியோ பிளாட்பார்ம்ஸ் பங்குகளை வாங்க பேஸ்புக், கூகுள் முதலிய 13 முதலீட்டாளர்கள் 1,52,056 கோடி ரூபாய் தந்தனர். வயல் வளர்த்த தோப்பு, வயலின் கடனை அடைக்க உதவிற்று.

இறுதியாக ஒரு செய்தி. இளையவர் வசமிருந்த 43,540 கோபுரங்களும் சுமார் 1.78 லட்சம் கிலோமீட்டர் ஒளியிழைக் கம்பியும் 2022 டிசம்பரில், திவால் நடவடிக்கையின் வழியே, 3,720 கோடி ரூபாய்க்கு ஜியோவிடம் வந்து சேர்ந்தன. அந்தக் கோபுரங்களும் கம்பிகளும் பயனற்றவையாய் இருந்ததில்லை. காத்திருக்கும் வலிமை ஒருவரிடம் இல்லை, மற்றவரிடம் இருந்தது, அவ்வளவே வேற்றுமை. அந்த வலிமையைத் தொழிற்குழுமங்களிடம் மட்டும் விட்டுவிடுவதா, போட்டி நிலைக்கும் வண்ணம் கம்பியையும் கோபுரத்தையும் யாவரும் பகிர்ந்துகொள்ளச் செய்வதா என்பது, தொலைபேசியைத் தினமும் கையிலெடுக்கும் நாம் ஒவ்வொருவரும் சிந்திக்கவேண்டிய விஷயமாகும்.