கி.பி. 628: கிஸ்ரா வீழ்ந்த ஆண்டும் ஹுதைபிய்யாவும்

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டின் நிகழ்வுகளைப் படிக்கும்போது, அதே மாதங்களில் அரபகத்துக்கு வெளியே என்ன நடந்தது என்று நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

பாரசீகமும் ரோமும் 602 முதல் போரிட்டு வந்தன. 614இல் ஜெரூசலத்தையே பறிகொடுத்த ரோமர்கள், 627 டிசம்பரில் நினவே அருகே பெரும் வெற்றி பெற்றார்கள். மன்னர் ஹிர்கல் (ஹெராக்ளியஸ்) தாமே படை நடத்தி வந்திருந்தார். தோல்வி பாரசீக அரண்மனைக்குள் புகுந்தது. 628 பிப்ரவரியில் கிஸ்ரா இரண்டாம் குஸ்ரூவைப் பதவியிறக்கி, சிறையிலிட்டுக் கொல்ல வைத்தவன் அவருடைய சொந்த மகன் ஷீரவைஹிதான். சகோதரர்களையும் அவன் விட்டுவைக்கவில்லை. ரோமரோடு சமாதானம் பேசினான். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் அவனும் இறந்தான். அடுத்து அரியணையில் அமர்த்தப்பட்டது அவன் மகன் அர்தஷீர், சின்னஞ்சிறு பையன்!

கிஸ்ரா கொல்லப்பட்ட சில வாரங்களில், துல்கஅதா மாதத்தில், உம்ராவுக்குப் புறப்பட்ட சுமார் 1,400 பேருடன் நபி (ஸல்) அவர்கள் ஹுதைபிய்யாவில் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். உம்ரா செய்யாமலே திரும்ப வேண்டும், 10 ஆண்டுகளுக்குப் போர் இல்லை என்று உடன்பாடானது. உமர் (ரலி) உள்ளிட்ட தோழர்களுக்கே அதன் நிபந்தனைகள் கசந்தன. தெற்கே குறைஷிகளின் அச்சம் நீங்கியதால், அடுத்து வடக்கே கைபரை நோக்கிப் படை செல்ல முடிந்தது.

வணிகப் பாதையும் திறந்தது. இந்த உடன்படிக்கைக் காலத்தில் ஷாம் சென்றிருந்த, அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத அபூஸுஃப்யானைத்தான் ஹிர்கல் அழைத்து, நபியவர்களைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்.