இரணைமடுவின் பரற்கற்கள்

இரணைமடு என்றதும் நம் கண்முன் வருவது குளந்தான். 2018 டிசெம்பர் மாரியில் வான்கதவுகள் திறக்கப்பட்டதும், கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்கள் வெள்ளத்தில் நின்றதும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் தொல்லியலாளர் இரணைமடு என்று எழுதும்போது பெரும்பாலும் குளத்தைக் குறிப்பதில்லை. அவர்களுக்கு அது ஒரு மண்படிவின் பெயர். அடியில் நீர் உருட்டிச் சேர்த்த பரற்கற்கள். மேலே காற்றுக் குவித்த செம்மணல். இலங்கையின் வரண்ட கரையோரத்தில் இவ்வடுக்கு எங்கே கிடந்தாலும் அதற்கு ‘இரணைமடுப் படிவு’ என்றே பெயர். நம் ஊர்ப் பெயர் அறிவியல் நூல்களில் இப்படி உலவுவது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பரலில் நீரையும் மணலில் காற்றையும் வாசிப்பது எளிதான கலையன்று. 1919இல் இலங்கையின் கற்காலம் பற்றி எழுதிய வேலண்ட் என்ற ஆங்கில நிலவியலாளர், பின்னர் உகண்டாவில் பணியாற்றி, ஆபிரிக்காவில் பெருமழை ஊழிகளும் வரட்சி ஊழிகளும் மாறிமாறி வந்தன என்ற கொள்கையை முன்வைத்தார். அதைப் பிற்கால ஆய்வாளர் கைவிட்டுவிட்டனர். மண்ணைக் கேட்க வேண்டும் என்ற பழக்கம் மட்டும் நின்றது.

கேட்டவர்களுள் முதன்மையானவர் கலாநிதி சிரான் தெரணியகல. தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கம் புந்தல, பதிராஜவெல ஆகிய இடங்களில் இதே படிவை அவர் ஆராய்ந்தார். பரலுக்குள் படிகக்கல்லாலும் சேட் என்னும் கல்லாலும் செய்த கருவிகள் இருந்தன. மணல் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்பதை அளக்கும் வெப்ப ஒளிர்வு முறையும் துணைக்கு வந்தது. அக்கருவிகள் இற்றைக்கு ஏறத்தாழ 1,25,000 முதல் 80,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று கணித்தார்கள்.

அவர் தரும் இன்னொரு மதிப்பீடு என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. 1,25,000 ஆண்டுகளுக்கு முன் வடக்கு, கிழக்கு, தெற்கு வரண்ட பகுதிகளில் சதுரக் கிலோமீற்றருக்கு 0.8 முதல் 1.5 பேர் வரை வாழ்ந்திருக்கலாம். மழை ஓயாத மேற்கின் ஈரவலயத்திலோ 0.1 பேர், அல்லது அதற்கும் குறைவு. நீர் குறைந்த இடத்தில் மனிதர் கூடுதலாக இருந்தார்களா?

இதற்கு விடை ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது என்பது தமிழாசிரியனாகிய என் எண்ணம். இரணை என்றால் இரட்டை. மடு என்றால் ஆற்றின் ஆழமான நீர்நிலை. கனகராயன் ஆறு மாரியில் கரைபுரண்டு சுண்டிக்குளம் கடல்நீரேரிக்கு ஓடும், கோடையில் மெலிந்துவிடும். அப்போது மடுவில் மட்டும் நீர் தங்கும். மானும் மரையும் பன்றியும் அங்கே வந்தாக வேண்டும். வேட்டைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? ஆனி, ஆடியில் பாலைப்பழமும் உண்டு. அடர்ந்த மழைக்காட்டிலோ உணவு உயர மரங்களில். அங்கே வாழ வேறு திறமை வேண்டும். பாகியன் குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே குரங்கும் அணிலும் வேட்டையாடப்பட்டதை அங்குள்ள எலும்புகள் காட்டுகின்றன.

வெள்ளம் வந்தால் மேட்டுக்கு, நீர் வற்றினால் மடுவுக்கு. இந்த நகர்வுதான் அவர்களுடைய காப்பு என்று நினைக்கிறேன். தேவையான கருவியைப் பரலிலேயே உடைத்துச் செய்துகொண்டால், சுமக்க அதிகம் இல்லை. (மூட்டை கட்டிப் பழகிய நமக்கு இது விளங்கும்.) கடலும் அசையாமல் நிற்கவில்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன் அது இன்றைய மட்டத்துக்கு ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தது. பாக்குநீரிணை நடந்து கடக்கும் நிலமாயிருந்தது. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னரே அது கடைசியாக மூழ்கியது. மழைநீரைக் கட்டிவைத்து ஓரிடத்தில் தங்கிய குளக்குடிகள் அதற்கு வெகு பின்னால் வந்தவர்கள்.

குகை ஈரவலயத்துக்குக் கிடைத்த வரம். வன்னியின் திறந்த வெளியில் எலும்பும் விதையும் மக்கிவிடும். எஞ்சுவது பரலும் அதற்குள் கிடக்கும் கல்லுமே. அந்தப் பரலைத்தான் ‘கிறவல்’ என்று வெட்டி, டிப்பர்களில் ஏற்றி வீதிக்குக் கொட்டுகிறோம். ஆறு உருட்டிய கல்லின் விளிம்பு மழுங்கியிருக்கும். மனிதன் தட்டிப் பெயர்த்த சில்லில் கூர்விளிம்பும், அடிபட்ட இடத்தருகே சிறு புடைப்பும் இருக்கும். அப்படியொன்று கிறவல் கிடங்கின் சுவரில் தெரிந்தால் பிடுங்கி எடுக்காதீர்கள்; எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று குறித்து, தொல்லியல் திணைக்களத்துக்கோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறைக்கோ அறிவியுங்கள். அடுக்கை விட்டு வந்த கல்லுக்கு வயது கணிப்பது மிகக் கடினம்.