வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம்

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில், சென்னையிலிருந்து சுமார் 80 கி.மீ. தொலைவில் உள்ளது வேடந்தாங்கல். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள பாசன ஏரியே சரணாலயத்தின் மையம். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும், நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம் முதலியவை கூடு கட்டும்.

இங்கே சட்டத்துக்கு முன்பே காவல் இருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊரார் முறையிட, 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்தில் வழங்கினார். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாவதை உழவர்கள் அறிந்திருந்தார்கள். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத வழக்கத்தையும் ஊரார் காத்துவருகிறார்கள். சரணாலயத்தின் உண்மையான பலம் இந்த ஊர்க்கட்டுப்பாடுதான்.

1998-இல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. ஆரத்துக்குள் அடங்கும் பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரியை மட்டும் காத்தால் போதாது. நத்தைகுத்தி நாரை குஞ்சுகளுக்கு நத்தை பொறுக்குவது அக்கம்பக்கத்து ஏரிகளிலும் நெல்வயல்களிலும்தான். இரை தேடும் இடம் கெட்டால் கூட்டில் குஞ்சு பிழைக்காது. 2022-இல் வேடந்தாங்கலும், அருகிலுள்ள கரிக்கிலி பறவைகள் சரணாலயமும் ராம்சார் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன.

பார்வையாளருக்கு உரிய இடம் ஏரிக்கரை. கட்டணம் செலுத்தி, கரையோடு நடந்து, காட்சிக் கோபுரத்தில் ஏறிப் பார்க்கலாம். கூடுகள் தள்ளி இருப்பதால் தொலைநோக்கி கொண்டுபோவது நல்லது. இந்த இடைவெளி குறையல்ல, பாதுகாப்பு. ஆள் நெருங்கினால் தாய்ப்பறவை எழும்பிவிடும். முட்டை வெயிலில் காயும், காகம் கொத்திப் போகும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் நுழைவதற்கே கட்டுப்பாடு விதிக்கிறது. படம் எடுத்தல், ஆய்வு, சுற்றுலா ஆகியவற்றுக்காக உள்ளே வர அனுமதி அளிக்கவும் வழிசெய்கிறது.

நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். இரை தேடப் போன பறவைகள் மாலையில் கூட்டங்கூட்டமாகத் திரும்புகையில் மரக்கிளைகளே தெரியாது. மழை பொய்த்து ஏரி வறண்டால் பறவைகள் வரத்தும் குறையும். அப்படிப்பட்ட ஆண்டுகளில் சரணாலயம் பார்வையாளருக்கு மூடப்படுவதும் உண்டு.