பிரித்தானியாவின் குளிர்காலநிலை உதவித்தொகை: ஒரு வரலாறு

ஐக்கிய இராச்சியத்தில், கடுங்குளிர் நிலவும் வாரங்களில் வருமானம் குறைந்த குடும்பங்கள் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள அரசு வழங்கும் தொகையே குளிர்காலநிலை உதவித்தொகை ஆகும். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, தொடர்ந்து ஏழு நாள்களின் சராசரி வெப்பநிலை 0° செல்சியசு அல்லது அதற்குக் கீழ் இருந்தால் 25 பவுண்டு கிடைக்கும். அரசு மானியம் பெறும் முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறு குழந்தைகள் உள்ள ஏழைக் குடும்பங்கள் ஆகியோரே பெரும்பாலும் இதைப் பெறுகின்றனர்.

1980-களின் நடுப்பகுதி வரை இத்தகைய அளவுகோல் இல்லை. "வழக்கத்துக்கு மீறிய கடுங்குளிர்" நிலவியது என்று உள்ளூர் அலுவலகம் ஏற்றுக்கொண்டால் கூடுதல் எரிபொருள் செலவுக்குப் பணம் தரலாம் என்பதே விதி. வழக்கம் என்பது எது? ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதன் இயல்பான குளிரை ஒட்டித் தனி வரம்பு வைத்தார்கள். அதனால் எப்போதும் குளிரும் இசுக்கொட்லாந்து மலை ஊரில் இருப்பவர், மிதமான தென்கரையில் இருப்பவரைவிட அதிகம் நடுங்கினால்தான் பணம் கிடைக்கும் என்றாயிற்று. குளிருக்குப் பழகியவருக்கு எரிவாயுக் கட்டணம் குறைவதில்லை என்பதை இந்த விதி கணக்கில் எடுக்கவில்லை. 1985-ஆம் ஆண்டுக் குளிருக்குப் பின் இம்முறை மேல்முறையீட்டுக்குப் போனது. சமூகப் பாதுகாப்பு ஆணையர் அதை ஏற்கவில்லை.

1986-87 குளிர்காலத்துக்கு நாடு முழுவதற்கும் ஒரே எண் வைக்கப்பட்டது. திங்கள் முதல் ஞாயிறு வரை சராசரி வெப்பநிலை −1.5° ஆக இருந்தால் 5 பவுண்டு. அந்தச் சனவரியிலேயே பெரும் பனி பெய்தது. வயதானவர்கள் குளிரில் வாடுகிறார்கள், அரசோ வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று செய்தித்தாள்கள் சாடின. அப்போது சமூகப் பாதுகாப்புத் துறை அமைச்சராக இருந்தவர் பின்னாளில் பிரதமரான சான் மேசர். அவர் பிரதமர் தாட்சரிடம் பேசிக் கூடுதல் உதவிக்கு ஒப்புதல் பெற்றார். அதன்பின் வரம்பு 0° ஆகத் தளர்த்தப்பட்டது. வாரம் திங்களன்றுதான் தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையும் பின்னர் போயிற்று.

உண்மையான மாற்றம் 1991-இல் வந்தது. அதுவரை குளிர் வாரம் முடிந்த பிறகே அது கணக்கில் சேருமா என்று தெரியும். அதன்பின் விண்ணப்பிக்க வேண்டும். பணம் வருமா என்று தெரியாத மூதாட்டி ஒருவர் அடுப்பை எரிய விடுவாரா, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வாரா? 1991 முதல் வானிலை முன்னறிவிப்பே போதும் என்றும், விண்ணப்பம் இல்லாமலேயே பணம் வரும் என்றும் விதி மாறியது. தொகை 1991-இல் 6 பவுண்டு, 1995-இல் 8.50, 2008-09 குளிர்காலத்தில் 25 என உயர்ந்தது.

கணக்கிடும் முறை எளிது. ஒரு நாளின் உச்ச, தாழ் வெப்பநிலைகளின் சராசரி அந்த நாளுக்கு. ஏழு நாள்களின் சராசரி அந்த வாரத்துக்கு. ஆறு நாள்கள் −1°, ஒரு நாள் 6° என்றால் சராசரி 0°, பணம் உண்டு. அந்த ஒரு நாள் 7° ஆகிவிட்டால் பணம் இல்லை. மாணவர்களுக்குச் சராசரியை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஒரே நாளை இரண்டு வாரங்களில் சேர்க்கவும் முடியாது. ஆகவே பதின்மூன்று நாள் தொடர்ந்து உறைந்தாலும் ஒரு தொகைதான்.

எந்த வெப்பமானி என்பது அடுத்த கேள்வி. ஒவ்வொரு அஞ்சல் குறியீட்டுப் பகுதியும் ஒரு வானிலை நிலையத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. நிலையம் விமானத்தளத்திலோ கடலோரத்திலோ இருக்க, வீடு மலைச்சரிவில் இருந்தால் அதே அஞ்சல் குறியீடு இருந்தும் குளிர் வேறாகிறது. நிலையங்களை மாற்றியும் கூட்டியும் இக்குறையை ஓரளவு சரிசெய்தார்கள். காற்றின் வேகத்தையும் சேர்க்கக் கோரி நாடாளுமன்றத்தில் பலமுறை பேசப்பட்டும் அது ஏற்கப்படவில்லை. ஈரச்சுவர், விரிசல் விட்ட சன்னல் போன்றவை எந்த நிலையத்திலும் பதிவாவதில்லை.

நூறு ஆண்டுகளில் மிகக் குளிர்ந்த திசம்பர் 2010-இல் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் சுமார் 1.7 கோடி தொகைகள் வழங்கப்பட்டன. செலவு ஏறத்தாழ 43 கோடி பவுண்டு. மிதமான ஆண்டுகளிலோ பெரும்பாலான ஊர்களுக்கு எதுவும் கிடைப்பதில்லை. ஓய்வூதியர்களுக்காக 1997-இல் தொடங்கிய குளிர்கால எரிபொருள் உதவித்தொகை வேறு. அதற்கும் வெப்பநிலைக்கும் தொடர்பில்லை.

இசுக்கொட்லாந்து 2022-23 குளிர்காலத்தில் வெப்பமானியையே கைவிட்டது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு வானிலை எப்படியிருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை 50 பவுண்டு என அறிவித்தது. ஒன்றும் பெறாத மேற்குக் கரையோர வீடுகளுக்கு இது ஆதாயம். ஆனால் −27.2° வரை இருமுறை தாழ்ந்து பிரித்தானியாவின் குளிர்ச் சாதனையைப் பதித்த பிரேமார் போன்ற ஊர்களில், பழைய முறையில் ஒரே குளிர்காலத்தில் மூன்று நான்கு முறை 25 பவுண்டு பெற வாய்ப்பிருந்தது. அங்குள்ளோர் இழப்பு என்றே குறை கூறினர். இங்கிலாந்தும் வேல்சும் வட அயர்லாந்தும் பழைய முறையிலேயே தொடர்கின்றன. அங்கு 2008-இல் நிர்ணயித்த 25 பவுண்டு, எரிபொருள் விலை பலமடங்கு ஏறிய 2022-இலும் அப்படியே இருந்தது.