முழம்

மனிதன் தன் உடம்பைக் கொண்டே உலகத்தை அளக்கத் தொடங்கினான் என்பதற்குத் தமிழில் ‘முழம்’ என்னும் சொல்லைவிடச் சிறந்த சாட்சி கிடைப்பது அரிது. முழங்கை, முழங்கால் என்பவற்றோடு உடன்பிறந்த இச்சொல், கை மடங்கும் மூட்டு முதல் நடுவிரல் நுனி வரையுள்ள நீளத்துக்குப் பெயராயிற்று. கன்னடத்தார் ‘மொள’ என்றும் தெலுங்கர் ‘மூர’ என்றும் இதனையே வழங்குவதால், இம்மொழிகள் தனித்தனியே பிரியுமுன்பே இந்த அளவு வழக்கில் இருந்ததெனக் கொள்ளலாம். லத்தீனில் முழங்கைக்கும் முழத்துக்கும் ‘கூபிதும்’ என்று ஒரே பெயர். சம்ஸ்கிருதத்தில் ‘ஹஸ்தம்’ கையும் ஆகும், 24 அங்குலம் கொண்ட அளவும் ஆகும். அங்குலம் அக்காலத்தில் விரலின் அகலமே. ஆங்கிலேயரின் ‘இஞ்சு’க்கு அப்பெயரைச் சூட்டிய பிறகு முழம் 18 அங்குலமாகக் குறைந்ததே ஒழிய, யாருடைய கையும் குறுகிவிடவில்லை.

கரும்பின் கணுவுக்கும் உடலின் மூட்டுக்கும் ‘மொழி’ என்றொரு பெயருண்டு. அதனைப் பேச்சாகிய மொழியோடு முடிச்சுப் போட்டுத் தத்துவம் பேசுவது ரம்மியமாகத்தான் இருக்கும். ஆயினும் ஒலியொப்புமை ஒன்றையே பிரமாணமாகக் கொள்வது சேற்று வரப்பில் ஓடுவது போன்றதாதலால், நான் அதற்கு உடன்படேன். உடம்பு நம் சிந்தனைக்குள் புகுந்த வழி அதைவிட வெளிப்படையானது. ‘வெறுங்கை முழம் போடுமா?’ என்கிறோம், முதலில்லாத வியாபாரத்தைப் பற்றிய இக்கேள்வியில் கையும் இருக்கிறது, அளவும் இருக்கிறது, அளப்பதற்குச் சரக்குத்தான் இல்லை. ‘சாண் ஏற முழம் சறுக்கிற்று’ என்னும்போது, முழத்துக்கு இரண்டு சாண் என்று கைப்பழக்கத்தால் அறிந்தவனுக்கே நஷ்டத்தின் கணக்கு உடனே விளங்கும்.

கைக்குக் கை நீளம் வேறுபடுவதால் அரசாங்கங்கள் கோலை நாடின. சோழர் கல்வெட்டுகளிலே பன்னிருசாண் கோல், பதினாறுசாண் கோல் என நிலமளந்த கோலுக்கும் உடம்பின் பெயரே நிலைத்தது. 1956-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் மீட்டரைக் கொணர்ந்த பின்னும், ஜவுளிக்கடையில் நாம் கேட்பது நாலு முழ வேட்டியும் எட்டு முழ வேட்டியுமே. அந்த எட்டு முழம் இப்போது எவர் கையையும் சாராத, சுமார் 3.6 மீட்டர் நீளமுள்ள வெறும் பெயர்.

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில், பூக்கடையில் மட்டும் முழம் இன்னும் மெய்யான கையாகவே இருக்கிறது. பூக்கார அம்மாள் நாரில் தொடுத்த மல்லிகைச் சரத்தின் நுனியை விரல்களுக்கிடையே இடுக்கி, முழங்கை வரை இழுத்துப் பிடித்து, “ஒரு முழம்” என்று எண்ணுகிறாள். “கொஞ்சம் தாராளமா விட்டு அளங்கக்கா” என்று வாங்குகிறவள் சொல்ல, அக்காள் சிரித்துக்கொண்டே இரண்டு விரற்கடை கூட்டி நறுக்குகிறாள். ஆகையால் பூ வாங்கப் போகும் அன்பர்கள், சரத்தின் நெருக்கத்தைப் பார்ப்பதோடு அளக்கிறவரின் கை நீளத்தையும் பார்த்துக்கொள்வது உத்தமம்.